செய்திமடலைச் சோதித்துப் பார்க்க நான்கு வழிகள்: உங்கள் பட்டியலுக்கு எது சரி?

திருவாரூர் பக்கம் பாரம்பரிய அரிசி விற்கும் ஒரு அக்காவுக்கு இரண்டு வருடமாக மெயில் எழுதிக் கொடுக்கிறேன். கருப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கொஞ்சம் தூயமல்லி. பட்டியலில் 2,200 பேர் இருக்கிறார்கள். பாதிப்பேர் ஒருமுறையாவது வாங்கியவர்கள். மீதிப்பேர் சந்தையில் அக்காவின் நோட்டில் முகவரி எழுதிக் கொடுத்தவர்கள். போன மாசி மாதம் அக்கா போன் செய்தார்.

"தம்பி, ஜெயிச்ச தலைப்பைத்தானே எல்லாருக்கும் அனுப்பினோம்? அப்புறம் ஏன் அரிசி நகரல?"

நடந்தது இதுதான். மெயில் அனுப்பும் சேவையில் ஏ/பி டெஸ்ட் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. 'கருப்புக் கவுனி வந்தாச்சு' என்ற தலைப்பை 220 பேருக்கும், 'இந்த வருஷம் கவுனி ஏன் குறைவு?' என்பதை இன்னொரு 220 பேருக்கும் அனுப்பினோம். முதலாவதை 46 பேர் திறந்தார்கள், இரண்டாவதை 53 பேர். கேள்வித் தலைப்பு வெற்றி என்று டூல் பச்சை நிறத்தில் காட்டியது. மீதி 1,760 பேருக்கும் அதுவே போனது. அன்றிலிருந்து அக்கா எல்லாத் தலைப்பையும் கேள்வியாகவே எழுத ஆரம்பித்துவிட்டார். விற்பனையில் ஒரு மாற்றமும் இல்லை.

அடுத்த மாதம் நான் வேறொன்று செய்து பார்த்தேன். ஒரே தலைப்பு, ஒரே கடிதம், எழுத்துகூட மாறாமல் இரண்டு குழுவுக்கும் போனது. அப்போதும் டூல் ஒரு பக்கத்தை வெற்றி என்றது. இதை அக்காவுக்குக் காட்டியபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பேக்கரி நடத்துபவர், ஆன்லைன் வகுப்பு எடுப்பவர், சின்னப் பதிப்பகம் வைத்திருப்பவர் என்று பலரும் என்னிடம் கேட்பது இதே கேள்விதான்: மெயிலை மேம்படுத்த வேண்டும், ஆனால் எதைச் சோதிப்பது? தலைப்பையா, கடிதத்தையா? வாசகரிடமே கேட்டுவிடலாமா? மெயில் அனுப்புவதால் விற்கிறதா இல்லையா என்பதையேவா? நான்கும் நான்கு விதமான சோதனை. தவறான ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மாதக் கணக்கில் உழைப்பு வீணாகும்.

## எதை வைத்து எடை போடுவது

எண்ணிக்கை போதுமா? இதுதான் முதல் கேள்வி. காகிதத்திலேயே போட்டுப் பார்க்க ஒரு எளிய கணக்கு இருக்கிறது. இரண்டு குழுவும் சம அளவில் இருக்கட்டும். மெயிலில் உள்ள இணைப்பில் இரு பக்கமும் விழுந்த கிளிக்குகளைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்குங்கள். இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த எண்ணைவிடப் பெரிதாக இருந்தால்தான் அதைக் கணக்கில் எடுக்கலாம்.

பட்டியலை 1,100, 1,100 என்று பிரிக்கிறோம், ஒரு பக்கம் 18 கிளிக், மறுபக்கம் 27 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 45. வர்க்கமூலம் 6.7, இரண்டால் பெருக்கினால் 13.4. வித்தியாசமோ 9தான். ஒன்றரை மடங்கு என்பது பார்க்கப் பெரிய வெற்றி மாதிரி இருக்கும், ஆனால் அது அதிர்ஷ்டத்தின் எல்லையைத் தாண்டவில்லை. அக்காவின் முதல் சோதனையையும் இதில் போடுங்கள்: 46ம் 53ம் சேர்ந்து 99, வர்க்கமூலம் ஏறக்குறைய 10, எல்லை 20. வித்தியாசம் வெறும் 7. நாணயத்தைச் சுண்டி முடிவெடுத்ததும் இதுவும் ஒன்றுதான்.

கிளிக் விகிதம் 2 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக உயர்கிறது என்றால் அந்த உயர்வைப் பெரும்பாலும் பிடிக்க, ஐந்தில் நான்கு முறையாவது பிடிக்க, ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 3,800 பேர் வேண்டும். மொத்தம் 7,600. பெரும்பாலான சிறுதொழில்களிடம் அவ்வளவு பெரிய பட்டியல் இல்லை.

எதை எண்ணுகிறோம்? 'இத்தனை பேர் திறந்தார்கள்' என்ற எண் எப்படி வருகிறது தெரியுமா? மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படம் இருக்கும். அது சர்வரிலிருந்து இறங்கினால் திறந்ததாகக் கணக்கு. 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15 வந்தபோது ஆப்பிள் தன் மெயில் செயலியில் ஒரு தனியுரிமை வசதியைச் சேர்த்தது. அதை ஆன் செய்தவர்களுக்கு, அவர்கள் மெயிலைத் தொடாவிட்டாலும் படங்களை ஆப்பிளே முன்கூட்டி இறக்கி வைத்துவிடும். திறக்காதவரும் திறந்தவராகப் பதிவாகிறார். உங்கள் வாசகர்களில் ஐபோன்காரர்கள் கூடக் கூட இந்த எண் பொய்த்துக்கொண்டே போகும்.

கிளிக் அதைவிட நம்பகமானது, ஆனால் முழுசாக இல்லை. பெரிய அலுவலகங்களில் மெயிலில் உள்ள இணைப்புகளைப் பாதுகாப்பு மென்பொருள் முதலில் தானே தொட்டுப் பார்க்கும். அனுப்பிய சில நொடிகளில் ஒரே முகவரியிலிருந்து எல்லா இணைப்பிலும் கிளிக் விழுந்தால் அது மனிதர் இல்லை. கடைசியில் நம்ப வேண்டியது ஆர்டரையும் பதில் மெயிலையும்தான். அவை குறைவாகவே வரும் என்பதால் மறுபடியும் எண்ணிக்கைப் பிரச்சினையில் வந்து நிற்போம்.

விடை எத்தனை நாள் தாங்கும்? 'இந்த மெயிலுக்கு இந்தத் தலைப்பு' என்பது ஒருநாள் விடை. 'நம் வாசகர்களுக்கு விலைப் பட்டியலைவிடச் சமையல் குறிப்பு முக்கியம்' என்பது ஒரு வருடம் உதவும்.

செலவு. டூலுக்குக் கட்டும் பணம் இதில் சின்னது. எழுதும் நேரம், அனுப்பாமல் விட்ட மெயிலால் போன வியாபாரம், எரிச்சலில் அன்சப்ஸ்கிரைப் செய்தவர்கள், இவைதான் பெரிய செலவு.

எந்த வழிக்கும் முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். மெயில் இன்பாக்ஸுக்குப் போகிறதா? 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் விதிகளைக் கடுமையாக்கியிருக்கின்றன. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புபவர்கள் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் (மெயில் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் அமைப்புகள்) மூன்றையும் அமைத்திருக்க வேண்டும், ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும், ஸ்பேம் புகாரை 0.3 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். அதற்குக் குறைவாக அனுப்பினாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் ஒன்றாவது கட்டாயம். 0.3 சதவீதம் என்றால் ஆயிரத்துக்கு மூன்று பேர். மெயில் பாதி ஸ்பேமில் விழுந்துகொண்டிருக்கும்போது எந்தத் தலைப்பு நல்லது என்று ஆராய்வதில் அர்த்தமில்லை.

## வழி 1: தலைப்பைச் சோதிப்பது

எளிதானது, எல்லோரும் முதலில் கை வைப்பது. இரண்டு தலைப்பு, ஒரே கடிதம். பத்து நிமிட வேலை.

இதன் பலத்துக்கு நல்ல உதாரணம் 2012 அமெரிக்க அதிபர் தேர்தல். ஒபாமா பிரசாரக் குழு இணையத்தில் திரட்டிய நிதியில் பெரும்பகுதி மெயில் மூலம் வந்தது. அந்த ஜூன் மாதம் ஒரு மெயிலை 18 விதமாக எழுதிச் சிறு குழுக்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். எதிரணி என்னைவிட அதிகம் செலவழிக்கப் போகிறது என்ற பொருளில் இருந்த தலைப்பு ஜெயித்து, 26 லட்சம் டாலருக்கு மேல் கொண்டுவந்தது. கடைசி இடம் பிடித்ததை எல்லோருக்கும் அனுப்பியிருந்தால் ஏறக்குறைய 4 லட்சம்தான் வந்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு. எது ஜெயிக்கும் என்று அங்கே வேலை செய்தவர்களாலேயே ஊகிக்க முடியவில்லை. வரிகளுக்கு மஞ்சள் வண்ணம் தீட்டுவது போன்ற உத்திகள் கொஞ்ச நாள் வேலை செய்து, பழகியதும் பலனிழந்தன.

இதைப் படித்துவிட்டுத்தான் பலர் தலைப்புச் சோதனையில் இறங்குகிறார்கள். ஆனால் அந்தக் குழுவின் பட்டியலில் லட்சக்கணக்கில் முகவரிகள் இருந்தன. அவர்கள் எண்ணியது திறப்பை அல்ல, வந்த பணத்தை. இந்த இரண்டும் இல்லாமல் முறையை மட்டும் எடுத்துக்கொண்டால் அக்காவுக்கு நடந்ததுதான் நடக்கும்.

மறைந்திருக்கும் செலவுகள்: நாலு மணி நேரத்தில் யார் அதிகம் திறந்தார்களோ அதையே வெற்றி என்று எடுத்துக்கொள்ளும்படிதான் பெரும்பாலும் டூலை அமைத்துவிடுகிறோம். காலையில் வந்ததும் திறப்பவர் வேறு, ராத்திரி பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுத் திறப்பவர் வேறு. அரிசி வாங்குபவர் இரண்டாமவர்தான். அடுத்தது, ஆர்வத்தைக் கிளப்பும் தலைப்பு திறப்பைக் கூட்டும், ஆனால் உள்ளே அதற்கு ஏற்ற சரக்கு இல்லையென்றால் நம்பிக்கை போய்விடும். அந்த இழப்பு எந்த அறிக்கையிலும் தெரியாது. பல சேவைகளில் இந்த வசதி கட்டணத் திட்டத்தில் மட்டும்தான் கிடைக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதுபவர்கள் சோதனை இல்லாமலே சரிசெய்ய வேண்டிய ஒன்று உண்டு. நம் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வரும். போனிலோ தலைப்பின் முதல் மூன்று நான்கு சொற்கள்தான் தெரியும். 'எங்கள் வயலில் இந்த ஆண்டு இயற்கை முறையில் விளைந்த கருப்புக் கவுனி அரிசி விற்பனைக்கு வந்துவிட்டது' என்று எழுதினால் வாசகர் பார்ப்பது 'எங்கள் வயலில் இந்த ஆண்டு' வரைதான். செய்தி வெட்டுப்பட்டுவிட்டது. 'கவுனி வந்தாச்சு' என்றால் இரண்டே சொல்லில் முடிந்தது. தலைப்புக்குக் கீழே மங்கலாகத் தெரியும் முன்னோட்ட வரியையும் பாருங்கள். பலருடைய மெயிலில் அந்த இடத்தில் 'சரியாகத் தெரியவில்லையா? இங்கே சொடுக்கவும்' என்று இருக்கிறது. இன்பாக்ஸில் இலவசமாகக் கிடைத்த ஒரு வரியை அதற்கா கொடுப்பது?

சிறிய பட்டியல்காரர்கள் தலைப்பைச் சோதித்தே தீர வேண்டுமென்றால், ஒரு மெயிலில் முடிவெடுக்காதீர்கள். ஒரே வகை வேறுபாட்டை, உதாரணமாகக் கேள்வித் தலைப்பா நேரடித் தலைப்பா என்பதை, பத்து மெயிலுக்குத் தொடர்ந்து செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் பட்டியலைப் புதிதாகக் கலைத்துப் பிரியுங்கள். பத்து மெயிலின் கிளிக்குகளையும் கூட்டி மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். மொத்தம் 440 கிளிக் சேர்ந்தால் எல்லை 42. அதாவது ஒரு பக்கம் 198, மறுபக்கம் 242 என்று வந்தால்கூடப் போதும். அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வருவதால் இது சுத்தமான கணக்கு இல்லை, ஆனால் ஒரு மெயிலை வைத்துச் சொல்வதைவிட எவ்வளவோ மேல்.

## வழி 2: வாசகரிடமே கேட்பது

எண்களை மட்டும் நம்புபவர்கள் இதைச் சோதனை என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான் சிறுதொழில்காரர்களுக்கு முதலில் சொல்வது இதைத்தான்.

இரண்டு விதமாகச் செய்யலாம். ஒன்று, கடிதத்தின் முடிவில் ஒரே ஒரு கேள்வி கேட்டு, 'இந்த மெயிலுக்கே பதில் போடுங்கள்' என்று எழுதுவது. படிவம் வேண்டாம், நட்சத்திர மதிப்பெண் வேண்டாம். இன்னொன்று, ஐந்து பேரை நேரில் பார்த்து, அவர்கள் போனிலேயே மெயிலைத் திறக்கச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது.

இரண்டாவதைச் செய்வது மனசுக்குக் கஷ்டம். அக்காவின் மெயிலை அவருடைய பழைய வாடிக்கையாளர் ஒருவர் திறந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதல் திரை முழுக்க லோகோ. இரண்டாவது திரையில் நெல் வயல் படம், இறங்க நேரமாகி வெள்ளையாகவே நின்றது. விரலால் மூன்று முறை தள்ளினார். விலைப் பட்டியல் வந்தது. அங்கே நின்று, "போன தடவை வாங்கினதே இருக்கே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மெயிலை மூடிவிட்டார். எந்த அறிக்கையிலும் அவர் 'திறந்தவர், கிளிக் செய்யாதவர்' மட்டும்தான். அந்த ஒரு முணுமுணுப்பில்தான் எங்களுக்கு விஷயமே பிடிபட்டது.

அடுத்த கடிதத்தில் அக்கா கேட்டார்: 'போன முறை வாங்கிய கவுனி தீர்ந்துவிட்டதா, இன்னும் டப்பாவில் இருக்கிறதா?' முப்பது பதிலுக்கு மேல் வந்தது. பெரும்பாலும் ஒரே பாட்டு: வேகவே மாட்டேங்குது, ரப்பர் மாதிரி இருக்கு, குக்கரில் எத்தனை விசில் விடுவது என்று தெரியவில்லை. ஒருவர் சாதாரண அரிசி போல நேராக உலையில் போட்டிருக்கிறார். கவுனியை முந்தின ராத்திரியே ஊறப்போட வேண்டும் என்பது அக்காவுக்குச் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமே இல்லை. அதனாலேயே இரண்டு வருடத்தில் ஒரு மெயிலிலும் அவர் அதை எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தத் தப்பு எங்கள் இருவருடையதும்.

இந்த வழியின் மறைமுகச் செலவுகளும் உண்டு. பதில் போடுபவர் ஏற்கெனவே உங்கள் மேல் பிரியம் உள்ளவர். மூன்று மாதமாகத் திறக்காதவர் பதில் போட மாட்டார். அவர்களில் நாலைந்து பேருக்காவது போன் செய்து கேட்க வேண்டும், சிலர் எரிச்சல்படத்தான் செய்வார்கள். அப்புறம், வந்த பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியாவது திருப்பி எழுத வேண்டும். முப்பது பதிலுக்கு அக்காவுக்கு இரண்டு சாயங்காலம் ஆனது. பதில் போட முடியாத முகவரியிலிருந்து மெயில் அனுப்புபவர்கள் முதலில் அதை மாற்றுங்கள். இன்னொரு எச்சரிக்கை: 'வாங்குவேன்' என்று சொல்வதும் வாங்குவதும் ஒன்றல்ல. பதில்கள் எதைச் சோதிக்க வேண்டும் என்று காட்டும். விற்குமா என்பதைக் காட்டாது.

## வழி 3: இரண்டு வேறு கடிதங்கள்

அந்தப் பதில்களைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு கடிதம் எழுதினோம். முதலாவது வழக்கமானது: படம், நான்கு அரிசிக்கும் விலை, பத்து சதவீதத் தள்ளுபடி, பச்சைப் பொத்தான். இரண்டாவதில் படமே இல்லை. ராத்திரி ஊறப்போடுவது, ஊறிய தண்ணீர் கருஞ்சிவப்பாக மாறுவது, அதைக் கொட்டாமல் அதிலேயே வேகவைப்பது, ஏழெட்டு விசில், கடைசியில் தேங்காயும் வெல்லமும். முடிவில் ஒரே ஒரு இணைப்பு. தள்ளுபடி கிடையாது. தலைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். பட்டியலைச் சரிபாதியாகப் பிரித்து அனுப்பி, ஒரு வாரம் ஆர்டரை மட்டும் எண்ணினோம்.

விலைக் கடிதத்துக்கு 6 ஆர்டர், சமையல் கடிதத்துக்கு 19. கூட்டினால் 25, வர்க்கமூலம் 5, எல்லை 10. வித்தியாசம் 13. சின்னப் பட்டியலிலும் நம்பும்படியான விடை கிடைத்தது, ஏனென்றால் நாங்கள் மாற்றியது பெரிய விஷயம். ஒரு சொல்லை மாற்றினால் சின்ன வித்தியாசம்தான் வரும், அதைப் பார்க்கப் பெரிய பட்டியல் வேண்டும். கடிதத்தின் நோக்கத்தையே மாற்றினால் வித்தியாசமும் பெரிதாக வர வாய்ப்புண்டு.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். தெரியாது. படம் இல்லாததாலா, தள்ளுபடி இல்லாததாலா, குறிப்பினாலா? ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுபவருக்கு அது குறை. கடை நடத்துபவருக்கு அடுத்த மாதம் எந்த மாதிரிக் கடிதம் எழுதுவது என்று தெரிந்தால் போதும். பிறகு வேண்டுமானால் சமையல் கடிதத்தோடு ஒரே ஒரு படத்தைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.

மறைந்திருக்கும் செலவு முதலில் உழைப்பு. இரண்டு கடிதம் என்றால் நிஜமாகவே இரண்டு மடங்கு வேலை. ஒன்றை அக்கறையாகவும் இன்னொன்றை ஒப்புக்கும் எழுதினால் அது சோதனையே இல்லை. அடுத்தது தொழில்நுட்பம். ஜிமெயில் 102 கிலோபைட்டுக்கு மேல் போகும் மெயிலை நடுவில் வெட்டி, 'முழுவதையும் பார்க்க' என்று ஒரு இணைப்பைப் போட்டுவிடும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட், தமிழில் 'க'வுக்கே மூன்று, 'கி' என்றால் ஆறு. கனமான டெம்ப்ளேட்டில் நீளமான தமிழ்க் கடிதத்தைப் போட்டால் அந்த எல்லையை நாம் சீக்கிரம் தொட்டுவிடுவோம். வெட்டுப்பட்டால் அடியில் உள்ள விலகும் இணைப்பு மறைந்துவிடும், விலக நினைத்தவர் அதற்குப் பதில் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார். திறப்பை எண்ணும் புள்ளிப் படமும் பெரும்பாலும் அடியில்தான் இருக்கும். அதுவும் வெட்டுப்பட்டு, நீளக் கடிதத்தைக் குறைவான பேர் திறந்ததுபோல் தெரியும். கடிதத்தை ஒப்பிடும்போது திறப்பு எண்ணைப் பார்க்காதீர்கள் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

தீபாவளி, பொங்கல், ஆடித் தள்ளுபடி வாரங்களில் இந்தச் சோதனை வேண்டாம். அந்த நாட்களில் மக்கள் வாங்கும் விதமே வேறு. அப்போது கிடைத்த விடையைப் புரட்டாசியில் நம்ப முடியாது.

## வழி 4: கொஞ்சம் பேருக்கு அனுப்பாமல் விட்டுப் பார்ப்பது

நான்கில் இதுதான் உண்மையை நேராகச் சொல்வது, யாரும் செய்யத் துணியாததும் இதுதான். பட்டியலில் ஒரு பங்கைக் குலுக்கல் முறையில் எடுத்து, மூன்று மாதம் அவர்களுக்கு மெயிலே அனுப்பாமல் விடுவது. பிறகு நூறு பேருக்கு எத்தனை ஆர்டர் என்று இரு பக்கமும் ஒப்பிடுவது.

எதற்கு இது? மெயிலைக் கிளிக் செய்து வாங்கியவரை மெயில் கொண்டுவந்த வாடிக்கையாளர் என்று டூல் எழுதிக்கொள்ளும். அவர் எப்படியும் வாங்கத்தான் இருந்தாரா என்பது டூலுக்குத் தெரியாது. ஆன்லைன் சந்தை நடத்தும் இபே நிறுவனம் தேடல் விளம்பரங்களில் இதைச் செய்து பார்த்தது. தன் பெயரைத் தேடுபவர்களுக்குக் காட்டும் விளம்பரத்தை நிறுத்தியபோது, வந்துகொண்டிருந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் விளம்பரம் அல்லாத இணைப்பு வழியாக வந்து சேர்ந்தார்கள். பணம் கொடுத்து வாங்கிய கிளிக்குகள் இலவசமாகவே கிடைத்திருக்கக்கூடியவை. மெயிலில் தள்ளுபடி கொடுக்கும்போதும் இதே ஆபத்து உண்டு. முழு விலையில் வாங்கத் தயாராக இருந்தவருக்குப் பத்து சதவீதத்தை நாமே கையில் கொடுக்கிறோம்.

ஆனால் இதற்குப் பட்டியல் மிகப் பெரிதாக வேண்டும். மெயில் இல்லாமல் மூன்று மாதத்தில் நூற்றுக்கு 4 பேர் வாங்குகிறார்கள், மெயிலோடு 5 பேர் என்றால், அதைப் பிடிக்க ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 6,700 பேர் தேவை. 2,200 பேரை வைத்துக்கொண்டு செய்தால் மூன்று மாதம் காத்திருந்தும் விடை வராது, விற்பனையும் போகும். இன்னொன்றையும் யோசியுங்கள்: அக்கா வீட்டுத் தெருவிலேயே இரண்டு பேருக்கு மெயில் போய் மூன்றாமவருக்குப் போகவில்லை என்றால், "எனக்கு மட்டும் ஏன் சொல்லல?" என்ற கேள்வி வாசலுக்கே வரும். பட்டியல் சிறியதாக இருக்கும்போது அதில் இருப்பவர்கள் மனிதர்கள், தெரிந்தவர்கள்.

## நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | தலைப்பு | வாசகரிடம் கேட்பது | இரண்டு கடிதம் | அனுப்பாமல் விடுவது |
|---|---|---|---|---|
| தேவையான பட்டியல் | ஒரு மெயிலில் முடிவெடுக்க 7,000க்கு மேல். பத்து மெயிலைக் கூட்டினால் 2,000 | 50 பேர் இருந்தாலும் போதும் | 2,000 போல், மாற்றம் பெரிதாக இருந்தால் | 13,000க்கு மேல் |
| எண்ண வேண்டியது | கிளிக் | பதில்கள், பார்த்த விஷயங்கள் | ஆர்டர் | ஆளுக்கு எத்தனை ஆர்டர் |
| விடை தாங்கும் காலம் | சில வாரம் | நீண்ட நாள் | பல மாதம் | ஒரு வருடம் போல் |
| வேலை | பத்து நிமிடம் | இரண்டு மூன்று நாள் | இரு மடங்கு எழுத்து | வேலை குறைவு, பொறுமை அதிகம் |
| மறைந்திருக்கும் செலவு | பொய் வெற்றி, நம்பிக்கை இழப்பு | பிரியமுள்ளவர் குரல் மட்டும் கேட்பது | காரணம் தெளிவாகத் தெரியாது | விட்டுப்போன விற்பனை |

## யார் எதை எடுப்பது

பட்டியலில் இரண்டாயிரத்துக்கும் குறைவானவர்கள் இருந்தால் ஏ/பி பொத்தானை மறந்துவிடுங்கள். வாசகரிடம் கேட்பது ஒன்றே போதும். அந்த நேரத்தில் பட்டியலை வளர்ப்பதும் எழுத்தைத் திருத்துவதும் எந்தச் சோதனையையும்விட அதிகம் கொடுக்கும். முகவரிகளை விலைக்கு வாங்கிப் பட்டியலை வளர்க்க மட்டும் வேண்டாம். ஸ்பேம் புகார் அங்கிருந்துதான் தொடங்கும்.

இரண்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை என்றால், முதலில் கேளுங்கள், பிறகு கேட்டதை வைத்து இரண்டு கடிதம் எழுதிப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு பெரிய சோதனை போதும். தலைப்புச் சோதனையைப் பின்னணியில் நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

பத்தாயிரத்தைத் தாண்டி வாரம் ஒரு மெயிலாவது அனுப்புபவர்களுக்குத் தலைப்புச் சோதனை உண்மையிலேயே பயன்படும், கிளிக்கையோ ஆர்டரையோ எண்ணினால். பட்டியல் 13,000த்தையும் தாண்டி, அடிக்கடி தள்ளுபடி கொடுப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது நான்காவது வழியையும் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தள்ளுபடி லாபத்தைத் தின்கிறதா என்று தெரிந்துகொள்ள வேறு நேரான வழி இல்லை.

ஒரு விதிவிலக்கு: ஆன்லைன் வகுப்பு, பயணம் மாதிரி பெரிய தொகைக்கு எப்போதாவது விற்பவர்கள். அவர்களுக்கு ஆர்டர் எண்ணிக்கை எப்போதுமே குறைவு. பட்டியல் எவ்வளவு பெரிதானாலும் போனில் பேசிப் பார்ப்பதுதான் அவர்களுக்கு அதிகம் சொல்லும்.

அக்கா இப்போது ஏ/பி பொத்தான் பக்கம் போவதில்லை. பத்து மெயில் கணக்கில் ஆறு முடிந்திருக்கிறது. கேள்வித் தலைப்பு ஒரு பத்தியில், நேரடித் தலைப்பு ஒரு பத்தியில் என்று கோடு போட்ட நோட்டில் கிளிக்குகளை அவரே எழுதி வைக்கிறார். தை அறுவடை முடிந்து புது அரிசி வந்ததும் அடுத்த இரண்டு கடிதச் சோதனை. அதற்கு முன்னால் போகும் மெயிலில் கேட்க வேண்டிய கேள்வியையும் எழுதி அனுப்பிவிட்டார்: 'மாப்பிள்ளைச் சம்பாவை உங்கள் வீட்டில் கஞ்சியாகக் குடிக்கிறீர்களா, சோறாகச் சாப்பிடுகிறீர்களா?'